வீடு கட்டக் காட்டிய இடத்தின் சரிவு வரைபடம் முழுக்கச் சிவப்பாக வருகிறது, எங்கே பிழை?

பூமிப்பாடம் கேட்டது:

வணக்கம். ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். பிறந்து வளர்ந்ததும் அதே தோட்டத்தில்தான். ஜிஐஎஸ், அதாவது கணினியில் வரைபடம் செய்கிற முறையை, முறையாகப் படித்தவள் இல்லை. உயர்தரப் பிள்ளைகளுக்குச் சமவுயரக்கோட்டை விளங்கப்படுத்துவதற்காகக் கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளை இறக்கி, இரண்டு வருடமாக நானாகவே தட்டித் தட்டிப் பழகினேன். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கீழ்க்கணக்கில், அதாவது தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், மூன்று லயம் (வரிசை வீடுகள்), 38 குடும்பம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு அடித்த மழையில் நடு லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு இறங்கி, இரண்டு காம்பராவின் (லயத்து அறையின்) பின்சுவர் உள்ளே வந்துவிட்டது. யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இரவு முழுக்கக் கோயிலிலும் பிள்ளைக்காம்பராவிலும் (குழந்தைகள் பராமரிப்பு நிலையம்) உட்கார்ந்திருந்தோம்.

இப்போது 38 குடும்பத்துக்கும் ஆளுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்று இடம் காட்டியிருக்கிறார்கள். ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலை) மேலே, 11ஆம் நம்பர் தேயிலை மலையில் இரண்டரை ஏக்கர். சனங்களுக்கு ஒரே சந்தோசம். என் அப்பாயி பிறந்த அதே காம்பராவில்தான் என் தம்பியின் பிள்ளையும் தவழ்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் வீடு வருகிறதென்றால் குறுக்கே நிற்க யாருக்கு மனம் வரும்? ஆனாலும் எனக்கு அந்த இடம் மனதுக்குச் சரியாகப் படவில்லை. இடம் தட்டையாக இருக்கிறது, சரி. ஆனால் அதற்கு மேலே மலை செங்குத்தாக நிற்கிறது. கொஸ்லாந்தை எங்களுக்குத் தூரமில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அதை மறந்துவிட்டு ஓர் இடத்தைப் பார்க்க எனக்குத் தெரியாது.

அதனால்தான் வரைபடம் போட உட்கார்ந்தேன். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

முதலாவது, எஸ்ஆர்டிஎம் என்கிற விண்வெளி ராடார் உயரத் தரவை இறக்கிச் சரிவு கணக்கிட்டால் முழுத் தோட்டமும் கடுஞ்சிவப்பு. எங்கே தொட்டாலும் 89 பாகை. பள்ளிக்கூட மைதானமும் 89 பாகை!

இரண்டாவது, தோட்டத்து ஆபீஸ் சுவரில் இருந்த பழைய பிளானைப் போட்டோ எடுத்தேன், அங்குலத்துக்கு நாலு சங்கிலி அளவு (ஒரு சங்கிலி 66 அடி). அதை உட்காரவைப்பதற்காக, தெரிந்தவர் ஒருவர் பழைய அளவைக் குறிகளின் ஆள்கூறுப் பட்டியல் ஒன்று தந்தார். அதை ஏற்றினால் புள்ளியெல்லாம் கடலுக்குள் போய் விழுகிறது.

மூன்றாவது, மண்சரிவு அபாய வரைபடத்தைப் பெருப்பித்துப் பார்த்தால், இரண்டு வகைகளைப் பிரிக்கிற கோடு நாங்கள் வீடு கட்டப் போகிற இடத்தின் நடுவாலேயே போகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் கட்டலாம், அந்தப் பக்கம் கூடாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அடுத்த மாதம் கூட்டம். எனக்குப் பேசக் கிடைப்பது பத்து நிமிடம். டீச்சர் ஏதோ பயத்தில் பேசுகிறார் என்று யாரும் தள்ளிவிட முடியாத ஒரு வரைபடம் வேண்டும்.


சங்கிலி66 எழுதியது:

டீச்சர், முதல் இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன். முப்பது வருடம் சர்வேயரோடு சங்கிலி பிடித்தவன், இப்போது பண்டாரவளையில் ஓர் அளவை அலுவலகத்தில் கணினி வேலை.

89 பாகைக்குக் காரணம் இதுதான். நீங்கள் இறக்கிய தரவில் கிடைத்தூரம் பாகையில் இருக்கிறது, உயரம் மீற்றரில் இருக்கிறது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தரையில் 30 மீற்றர். தரவில் அது 0.00028 பாகை. அந்த 0.00028ஐயும் மீற்றர் என்று நினைத்துக்கொண்டு கணினி கணக்குப் போடுகிறது. அவ்வளவு சின்னத் தூரத்துக்குள் ஐந்து மீற்றர் ஏறினால் அது சுவர்தானே? சரிவு கணக்கிட முன்பு 'வார்ப்' கருவியால் உயரத் தரவை, மீற்றரில் அளக்கிற இலங்கை ஆள்கூற்றுக் கட்டத்துக்கு மாற்றுங்கள், மென்பொருளில் அதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 5235. மைதானம் உடனே தட்டையாகிவிடும். மாற்றிய பிறகு பாகையா வீதமா என்றும் பாருங்கள். 100 வீதச் சரிவு என்றால் 45 பாகை, 60 வீதம் என்றால் ஏறக்குறைய 31 பாகை. கூட்டத்தில் ஒருவர் வீதத்தில் பேச, மற்றவர் பாகையில் பேச, இருவரும் ஒரே எண்ணைச் சொல்லி வேறு வேறு மலையைப் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கடலுக்குள் விழுகிற புள்ளிகள்: நம் நாட்டுக் கட்டத்தின் மூலப்புள்ளி நுவரெலியாவுக்கு மேலே நிற்கிற பீதுருதாலகாலை. உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், இலங்கை முழுவதையும் அளக்கத் தொடங்குகிற இடம் நம்முடைய மலையில்தான் இருக்கிறது. பழைய கட்டத்தில் அந்தப் புள்ளிக்குக் கிழக்கு 200,000, வடக்கு 200,000 என்று பெயர். 1999இன் புதிய கட்டத்தில் இரண்டும் 500,000. உங்கள் பட்டியலில் கிழக்கு 220,000 சொச்சம், வடக்கு 174,000 சொச்சம் என்று இருந்தால் அது பழையது. ஹப்புத்தளைக்குப் புதியதில் 520,000, 474,000 பக்கம் வரவேண்டும். பழைய எண்ணைப் புதியது என்று சொல்லி ஏற்றினால் 300 கிலோமீற்றர் மேற்கே, 300 கிலோமீற்றர் தெற்கே போய் இந்து சமுத்திரத்தில் விழும். எண்ணோடு 300,000ஐக் கூட்டிச் சரிக்கட்டாதீர்கள். இரண்டு கட்டத்தின் அடித்தளமும் (அளவைக்கு ஆதாரமாக வைத்த அடிப்படை) வேறு, அது கிட்டத்தட்ட சரி மாதிரித் தெரிந்து கொஞ்சம் தள்ளி வைத்துவிடும். அந்த அடுக்குக்கு இபிஎஸ்ஜி 5234 என்று கொடுங்கள், மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

பிளானைப் பற்றி. அங்குலத்துக்கு நாலு சங்கிலி என்றால் 1:3,168. நல்ல அளவு, கவனமாகக் கையாளுங்கள். கண்ணாடிக்கு மேலால் எடுத்த போட்டோ சாய்ந்திருக்கும், முடிந்தால் கழற்றி வெளிச்சத்தில் நேர்மேலே இருந்து எடுங்கள். நாலு மூலையிலும், நடுவிலும், இன்றைக்கும் அதே இடத்தில் நிற்கிற பொருட்களைப் பிடியுங்கள். ஸ்டோரின் மூலை, பாலம், பழைய பங்களாவின் படி இப்படி. லயத்தைப் பிடிக்காதீர்கள், எந்த லயத்தை எப்போது இடித்துக் கட்டினார்கள் என்று பிளானுக்குத் தெரியாது. நூறு வருடக் காகிதம் ஒரு பக்கம் இழுபட்டிருக்கும், ஆகவே ஏழெட்டுப் புள்ளியாவது வேண்டும்.

இதோடு ஒரு விசயம், இதுதான் முக்கியம். எஸ்ஆர்டிஎம் 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ராடாரால் எடுத்தது. ஒரு கட்டம் 30 மீற்றருக்கு 30, அதாவது 900 சதுர மீற்றர். 7 பேர்ச்சஸ் என்பது 177 சதுர மீற்றர். ஐந்து வீட்டுக்கு ஒரே உயரம், ஒரே சரிவு என்றுதான் அது சொல்லும். உங்கள் இரண்டரை ஏக்கர் மொத்தமே பதினொரு கட்டம். அதற்கு மேல், ராடார் மரத்தின் தலையைத்தான் பார்க்கும். பக்கத்தில் யூகலிப்டஸ் தோப்பு இருந்தால் அந்த இடத்தில் இல்லாத மேடு ஒன்று எழும்பும். முழு மலையும் எப்படிப் படுத்திருக்கிறது என்று பார்க்க இது போதும். எந்த வீட்டை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க இது போதவே போதாது.


திட்டக்காரி எழுதியது:

மூன்றாவது கேள்வி என்னுடையது. நான் நகர, பிரதேசத் திட்டமிடல் படித்துவிட்டு நுவரெலியா மாவட்டத்தில் வேலை செய்கிறேன்.

தங்கச்சி, நீங்கள் பார்த்த வரைபடம் 1:50,000 அளவாக இருந்தால், அதில் ஒரு மில்லிமீற்றர் தரையில் 50 மீற்றர். உங்கள் இரண்டரை ஏக்கர் அந்தக் காகிதத்தில் இரண்டு மில்லிமீற்றருக்கு இரண்டு மில்லிமீற்றர், ஒரு குருணை அரிசி. எல்லைக்கோட்டின் தடிப்பே தரையில் 20, 25 மீற்றரை மூடிவிடும். திரையில் எவ்வளவு பெருப்பித்தாலும் கோடு பெரிதாகுமே தவிர தகவல் கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று அதில் வீடு பிரிக்கக் கூடாது. அது பிரதேசத்தைத் திட்டமிடுவதற்குச் செய்தது. உங்கள் பகுதிக்கு 1:10,000 அளவில் இருக்கிறதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேளுங்கள். அதில்கூட ஒரு மில்லிமீற்றர் 10 மீற்றர்தான்.

அந்த வரைபடத்தை அவர்கள் சரிவை மட்டும் வைத்துச் செய்வதில்லை. ஆறு விசயம் பார்க்கிறார்கள்: அடிப்பாறை, மேல்மண் படிவு, சரிவுக் கோணம், நீரோட்டம், நில உருவம், நிலப் பயன்பாடு. நீங்கள் கையில் எடுத்திருப்பது ஆறில் ஒன்று. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் சரிவு வரைபடம் சரியாக வந்தபிறகு அந்த 11ஆம் நம்பர் மலை அநேகமாகப் பச்சையாகத்தான் வரும். நீங்களே தட்டையான இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பச்சையை நீங்கள் கூட்டத்தில் காட்டினால், உங்கள் கையாலேயே இடத்தைச் சரி என்று சொன்னதாகிவிடும்.

செங்குத்தான மலைக்கு நடுவில் காரணமில்லாமல் ஒரு தட்டை இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். எப்போதோ மேலிருந்து இறங்கி வந்த மண்ணும் கல்லும் தங்கி நிற்கிற இடமாக அது இருக்கலாம். அந்தப் படிவு தளர்வாக இருக்கும், தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். மேலே ரோட்டுக்காக ஒரு வெட்டு, கீழே வீட்டுக்காக ஒரு வெட்டு, பழைய கான்கள் (வடிகால்கள்) அடைபட்டுக் கிடக்கும், ஒரு பெரிய மழை. அவ்வளவு போதும்.

ஆகவே இரண்டு கேள்வி கேட்கிறேன். அந்த இடத்தில் மழை விட்டு ஒரு வாரம் கழித்தும் தண்ணீர் எங்கே நிற்கிறது? அந்த மலைக்கு உங்கள் ஆட்கள் என்ன பெயர் சொல்கிறார்கள்? ஆபீசில் எழுதுகிற நம்பரைக் கேட்கவில்லை, கொழுந்துக்குப் போகிறவர்கள் வாயில் வருகிற பெயர்.

இன்னொன்று. வரைபடத்தை வைத்துக்கொண்டு 'இது ஆபத்தான இடம்' என்று தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். அதைச் சொல்லுகிற தகுதி புவிச்சரிதவியலாளருக்குத்தான் உண்டு. 'இந்த இன்ன இன்ன இடத்தில் இதைக் கண்டோம், வந்து பார்த்து எழுத்தில் தாருங்கள்' என்று கேட்பதற்கு உங்கள் வரைபடம் உதவட்டும். ஏற்கெனவே ஏதாவது பரிசோதனை அறிக்கை இருந்தால் அதையும் கேட்டு வாங்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

பிரதேச சபை எல்லை அடுக்கு எதையாவது பின்னணியில் போடுவதாக இருந்தால் அதன் வருடத்தையும் பாருங்கள். எங்கள் பக்கத்தில் அம்பகமுவ என்று ஒரே சபையாகக் காட்டுகிற அடுக்கு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என்று பிரிந்து 2018இல் தேர்தலும் நடந்துவிட்டது. அதே 2018இல்தான் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவையும் திருத்தினார்கள். அதுவரை 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்டத்துக்குள் பிரதேச சபையால் நினைத்தபடி வேலை செய்ய முடியாது. தோட்டத்து ரோட்டும் லயமும் பீலியும் (தண்ணீர் பிடிக்கிற இடம்) சபையின் வரைபடங்களில் வெள்ளைக் காகிதமாகக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். வரைபடத்தில் இல்லாத ஊருக்கு வரவுசெலவில் யார் பணம் ஒதுக்குவார்கள்? நீங்கள் செய்கிற வேலை இந்த 38 வீட்டோடு முடிகிற வேலை இல்லை.


பழைய கணக்கப்பிள்ளை எழுதியது:

மகள், எனக்குக் கம்பியூட்டர் தெரியாது, பேரன் வாசித்துக் காட்டினான், அவனே எழுதுகிறான். தலவாக்கலைப் பக்கம் 34 வருடம் மலை பார்த்தவன்.

கான் வெட்டுகிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். கொழுந்தெடுக்கிறவர்களுக்குச் செடி தெரியும், கான் வெட்டுகிறவனுக்குத்தான் தண்ணீர் தெரியும். நாங்கள் ரோட் ட்ரேசர் என்கிற சாய்வு பார்க்கும் கருவியை வைத்து 120 அடிக்கு ஓர் அடி இறக்கம் என்று கானுக்குக் கோடு போடுவோம். அப்படிப் போட்ட கானில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் பின்னால் திரும்பி நிற்கிறது என்றால், கான் பிழையில்லை, அந்த இடத்து நிலம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை நான் இரண்டு மலையில் கண்ணால் கண்டேன்.

அப்புறம், ஆபீசில் தினம் காலையில் மழைக் கணக்கு எழுதுவார்கள், அங்குலத்தில். நவம்பர் கடைசிக் கிழமைக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் முதல் எச்சரிக்கை, 100 தாண்டினால் இரண்டாவது, 150 தாண்டினால் வெளியேற வேண்டும் என்று வைத்திருக்கிறது. நம் கணக்கில் மூன்று அங்குலம், நாலு அங்குலம், ஆறு அங்குலம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் சரி. லயத்துப் பிள்ளைகளுக்கும் இதைப் பாடமாக்குங்கள்.

கொழுந்து நன்றாக வருகிற மலையை வீட்டுக்கு யாரும் தரமாட்டார்கள். 11ஆம் நம்பரில் கொழுந்து ஏன் வரவில்லை என்று விசாரியுங்கள்.


பூமிப்பாடம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், ஆனால் சும்மா இருக்கவில்லை.

சரிவு வரைபடம் சரியாக வந்துவிட்டது. அக்கா சொன்னபடியேதான். 11ஆம் நம்பர் பச்சை. மேலே அரை வட்டமாகச் சிவப்பு, நடுவில் பச்சை, சாய்த்து வைத்த சோற்றுக்கரண்டி மாதிரி. அதைத் திரையில் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பெயரைக் கேட்கச் சொன்னீர்கள். வீட்டுக்குப் போய் அப்பாயியிடம் '11ஆம் நம்பருக்கு என்ன பேர்?' என்றேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே 'ஒடஞ்ச மலையா?' என்றார். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை என் காதில் விழுந்த பெயர். 'ஒடஞ்ச மலைக்குப் போயிருக்காங்க', 'ஒடஞ்ச மலையில இன்னைக்குக் கொழுந்து கொறவு' என்று. அது ஏன் அந்தப் பெயர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்பாயிக்கும் உடைந்தது தெரியாது. அவருடைய அம்மா வேலைக்கு வந்த காலத்திலேயே அந்தப் பெயர்தானாம். நான் புவியியல் படிப்பிக்கிறவள். சாய்வையும் உயரத்தையும் விண்வெளியிலிருந்து இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தகவல் அடுப்படியில் இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு அப்பாயியையும் கான் வெட்டுகிற இரண்டு மாமாக்களையும் கூட்டிக்கொண்டு மலையேறினோம். அப்பாயிக்கு 78 வயது, குறுக்குப் பாதையில் என்னைவிட வேகம். போனில் கியூஃபீல்ட் என்கிற வரைபடச் செயலியைப் போட்டுப் புள்ளி எடுத்தேன். திறந்த வெளியில் நாலு மீற்றர் பிழை காட்டியது, மண்மேட்டு ஓரத்தில் பன்னிரண்டு வரை போனது. அப்படிப்பட்ட இடத்தில் ஐந்து நிமிடம் போனை அசைக்காமல் வைத்திருந்து, எண் குறைந்த பிறகு பதிந்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் பிழை எவ்வளவு என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மழை விட்டுப் பதினொரு நாள். தட்டையின் மேல் ஓரத்தில், ஒரு கருங்கல்லுக்கு அடியிலிருந்து தண்ணீர் வருகிறது. அப்பாயி குனிந்து கையில் ஏந்திக் குடித்தார். 'இது வத்தவே வத்தாது' என்றார். அந்தக் காலத்தில் மூங்கில் பீலி போட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குக் குடித்த தண்ணீராம். அதே வரிசையில் இன்னும் மூன்று இடத்தில் ஊற்று, நாலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில். கீழே தேயிலைச் செடி குட்டையாக, மஞ்சளடித்து நிற்கிறது. கோரைப்புல் காலுக்குக் கீழே சளசளக்கிறது. மாமா ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார், வேர் கறுத்திருந்தது. ஐயா கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். கொழுந்து வராத இடம் என்பதால்தான் அது எங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

கானையும் பார்த்தோம். மேலேயிருந்து மூன்றாவது கானில் ஒரு இருபது அடிக்குத் தண்ணீர் ஓடாமல் நிற்கிறது. ஐயா சொன்ன அதே மாதிரி. மாமா, 'இந்த எடத்துல எத்தன தடவ தோண்டினாலும் இப்படித்தான் ஆகுது' என்றார். அதற்கு மேலே மண்ணில் ஒரு வெடிப்பு, செருப்பு நுழைகிற அகலம், இரண்டு பக்கமும் புல் மூடியிருந்தது. வெடிப்புக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு முளை அடித்து, தலையில் ஆணி வைத்து, ஆணிக்கு ஆணி நாடாவால் அளந்தோம். 61 சென்ரிமீற்றர். ஒன்பது நாள் கழித்தும் 61தான். மழை இல்லாத நாட்கள், அதையும் தேதியோடு எழுதியிருக்கிறேன்.

இவ்வளவையும் வரைபடத்தில் போட்டேன். சரிவு நிறம் மெல்லியதாகப் பின்னால். அதற்கு மேல் பிளானிலிருந்து எடுத்த பழைய கான்கள். பிளானை உட்காரவைத்தது ஸ்டோர், பாலம், பங்களாப் படி உட்பட எட்டுப் புள்ளியில். ஒன்று மட்டும் நாற்பது மீற்றர் விலகியது, விசாரித்தால் அந்தப் பாலத்தைப் பிற்காலத்தில் கீழே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டேன். ஊற்று நாலும் நீலம், வெடிப்பு கறுப்பு, தண்ணீர் நிற்கிற கான் சிவப்பு, 38 வீட்டுக்கான எல்லை வெள்ளை. நாலு ஊற்றில் மூன்று அந்த வெள்ளைக் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது.

கூட்டம் போன புதன்கிழமை. அக்கா சொன்னதை அப்படியே கேட்டேன். ஆபத்து என்ற சொல்லை நான் எடுக்கவேயில்லை. முதலில் ஒருவர், 'டீச்சர், இடம் வேண்டாமென்றால் சொல்லுங்கள், வேறு தோட்டத்துக்குக் கொடுக்கலாம்' என்றார். கூட வந்த சனமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குப் பெரிய பாரமாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இடிந்த சுவருக்குத் தகரம் வைத்துப் படுக்கிறவர்கள். அப்போது அப்பாயி எழுந்து, மேசையில் விரித்திருந்த வரைபடத்தில் விரலை வைத்து, 'இந்தா, இந்தக் கல்லுக்கு அடியில நான் தண்ணி குடிச்சேன், இதுக்கு மேல வீடு கட்டினா தண்ணி எந்தப் பக்கம் போகும், சொல்லுங்க' என்று கேட்டார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர். ஸ்டோரைப் பார்த்ததும் தன் காம்பராவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து விரலாலேயே குறுக்குப் பாதையில் ஏறி, அந்த நீலப் புள்ளிக்குப் போய்விட்டார்.

தலத்தைப் பரிசோதிக்க எழுத்தில் கேட்பதாக முடிவாகியிருக்கிறது. பழைய பங்களாவுக்குப் பக்கத்தில் ஒரு மலைமுதுகு இருக்கிறது, அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அங்கே கொழுந்து நன்றாக வருகிறது, கிடைக்குமா என்பது பிறகு பார்க்க வேண்டிய விசயம். பரிசோதனைக்கு வியாழக்கிழமை நாள் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கேள்வி: வருகிறவர் கையில் கொடுக்க ஏ3 அளவில் அச்செடுக்கப் போகிறேன். எதையாவது விட்டிருக்கிறேனா?


சங்கிலி66 எழுதியது:

1:2,000 என்று எண்ணை மட்டும் போட்டுவிடாதீர்கள் டீச்சர். யாராவது ஏ4இல் பிரதி எடுத்த உடனே அந்த எண் பொய்யாகிவிடும். அளவுக்கோட்டையும் வரையுங்கள், அது காகிதத்தோடு சேர்ந்து சுருங்கும். எந்தக் கட்டம், எந்தத் தேதியில் எடுத்த புள்ளி, உயரத் தரவு எது என்று மூலையில் ஒரு வரி. ஊற்றுக்கும் வெடிப்புக்கும் ஆள்கூறு எண்களைத் தனித்தாளில் அட்டவணையாகக் கொடுங்கள், வருகிறவர் தன் கருவியில் போட்டு நேராக அங்கேயே நடந்து போகலாம். வெடிப்பை மழைக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அளங்கள். 61 மாறினால் வியாழக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம், 117க்கு அடியுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையம்.


திட்டக்காரி எழுதியது:

மலையின் பெயர் வரைபடத்தில் எப்படி இருக்கிறது?


பூமிப்பாடம் எழுதியது:

'11ஆம் நம்பர்' என்றுதான் போட்டிருந்தேன் அக்கா. இப்போது 'ஒடஞ்ச மலை' என்று பெரிதாகவும் நம்பரைக் கீழே சின்னதாகவும் மாற்றிவிட்டேன். யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்திலும் தமிழ்ப் பெயருக்கென்று இருக்கிற கட்டத்தில் ஏற்றினேன். லயம் மூன்றையும், பீலியையும், குறுக்குப் பாதையையும் இந்தக் கிழமை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏற்றுகிறார்கள். அண்ணா, அளவுக்கோடு போட்டாயிற்று. வெடிப்பை இன்று காலையும் அளந்தேன், 61.